மூன்றாவது நிறுத்தம்

அவன் இரண்டு காபியோடு வருவதைப் பார்த்ததும் அவள் போனைச் சட்டென்று மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

யாராக இருக்கும் என்று அவனுக்கு உள்ளே குடைந்தது. கேட்கும் உரிமையே இன்று மதியம் வரைக்கும்தான், இதற்குமேல் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று காபியை உறிஞ்சினான். அது நாக்கைச் சுட்டது.

கல்யாணம் நடந்த ஊரில்தான் விவாகரத்து வழக்கும். மதியத்துக்குள் இருவரும் நீதிபதி முன்னால் நின்று சம்மதம் சொன்னால் முடிந்தது கதை. வராவிட்டால் மனு தள்ளுபடி என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மனுப் பேச்சை எடுத்தவள் அவள். ‘தாராளமா’ என்று ரோஷத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்றிலிருந்து தூக்கம் கெட்டுக் கிடப்பவன் அவன்.

தன் அக்கா வீட்டிலிருந்து தனியாக ரயிலில் போய்க்கொள்வதாகத்தான் சொல்லியிருந்தாள். நேற்று திடீரென்று டிக்கெட் கிடைக்கவில்லை, காரில் வரலாமா என்று கேட்டாள். வந்தவள் பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். வாய்க்கு வாய் ‘என்னங்க’ என்பவள், காலையிலிருந்து ஒரு ‘என்னங்க’கூடச் சொல்லவில்லை.

எலெக்ட்ரிக் கார் என்பதால் அவனுக்குக் கொண்டாட்டம். எந்த ஊரில் சார்ஜ் போடுவது, எங்கே காபி, மலையேற்றத்தில் எவ்வளவு குறையும் என்று முந்தின நாளே திட்டம் தயாராகிவிடும். கார் வாங்கிய புதிதில் அவள் போனிலும் சார்ஜர் கம்பெனியின் ஆப்பை ஏற்றி, சார்ஜை எப்படித் தொடங்குவது, எப்படி நிறுத்துவது என்று வகுப்பே எடுத்தான். அவள் கொட்டாவி விட்டாள்.

“முக்குக் கடைக்குப் போகக்கூட ஒரு பிளான். ஒரு நாளாவது என்னைக் கேட்டு எதாவது முடிவு பண்ணியிருக்கீங்களா?” என்று அன்றைக்கு ஆரம்பித்தது, வளர்ந்து வளர்ந்து அக்கா வீடு வரைக்கும் போய்விட்டது.

காபி முடிந்து, சார்ஜில் போட்டிருந்த காரை வந்து பார்த்தால் பேட்டரி பாதிகூட நிரம்பவில்லை. சார்ஜ் எப்போதோ நின்றுபோயிருந்தது.

“என்னாச்சு?” என்றாள்.

“மிஷின் கோளாறு போல. அடுத்த ஊர்ல பாத்துக்கலாம்.”

அடுத்த ஊரில் அவன் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் அதே கதை. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டான்.

“நீங்க எதாவது தொட்டீங்களா?”

“நான் ஏன் சார் தொடறேன்? பக்கத்து பேங்க் வாட்ச்மேன் நான். நிழலுக்கு வந்து நின்னேன், அது ஒரு குத்தமா?”

அசடு வழிந்துகொண்டே வண்டியை எடுத்தான். கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தால், அவள் போனைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கோர்ட் வாசலிலேயே எவனாவது காத்திருக்கிறானோ?

“யாரு அது?”

“எது?”

“போன்ல. காலையில இருந்து அப்படி என்ன டைப் பண்றே?”

“நான் ஒண்ணும் டைப் பண்ணலையே,” என்றாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

பொய்யைக்கூட எவ்வளவு நிதானமாகச் சொல்கிறாள் என்று மனம் கசந்தது. இத்தனை வருஷம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தியும் இந்த முகத்தைப் பார்த்ததில்லையே என்று நினைத்துக்கொண்டான்.

மூன்றாவது நிறுத்தத்தில் அவன் அசையவில்லை. ஒயரைச் செருகிவிட்டு, காவல் காப்பவன்போல் சார்ஜரின் பக்கத்திலேயே நின்றான். காக்கா குருவிகூட அண்டவில்லை. அவள் எதிரே மரத்தடி பெஞ்சில், மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டக்கென்று ஒரு சத்தம். அவன் கண்ணெதிரேயே பச்சை விளக்கு அணைந்தது.

இனி மறுபடி ஏற்றினாலும் மதியத்துக்குள் போய்ச்சேர முடியாது. கடைசி நாளிலாவது ஒரு வேலையை ஒழுங்காக முடித்துத் தரவில்லை என்று அவள் சொல்லப்போகிறாள் என்று நினைக்கும்போதே கூசியது. “சாரி, இனிமே போய்ச்சேர முடியாது,” என்றான் தலையைக் குனிந்தபடி.

“பரவாயில்ல, விடுங்க.”

கோபம் முழுவதும் சார்ஜர் கம்பெனிமேல் திரும்பியது. பெஞ்சின் அருகே நின்றபடியே அவர்களைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினான்.

“மூணு ஊர், மூணு மிஷின்! மூணுமே பாதியில நிக்குது. என்னங்க சர்வீஸ் பண்றீங்க?”

“ஒரு நிமிஷம் சார்,” என்றது ஒரு பெண்குரல். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. “மிஷின்ல எந்தக் கோளாறும் இல்ல சார். மூணு எடத்துலயும் உங்க கணக்குல இருந்துதான் ஸ்டாப் பண்ணியிருக்காங்க.”

“நான் எதையும் தொடவே இல்லையே!”

“உங்க கணக்கு ரெண்டு போன்ல இருக்கு சார்.”

அவன் மெல்லத் திரும்பினான். அவள் போனைக் கவிழ்க்கவில்லை. திரையில் அவனுக்குப் பழக்கமான ஆப், அதன் நடுவில் சிவப்புப் பொத்தான், அதன்மேல் அவள் கட்டைவிரல். கண் இரண்டும் கலங்கியிருந்தன, உதட்டில் மட்டும் அந்தச் சிரிப்பு.

“என்னங்க... இந்தத் தடவை பிளான் நான் போட்டேன்.”