மூணு நாள் ரிப்பேர்

“ஆன் ஆகுதுண்ணே. காத்தாடி சுத்துது. ஆனா திரையில ஒண்ணும் வரல. பீப் பீப்னு கத்திக்கிட்டே இருக்கு.”

சிவபாண்டி சொல்லச் சொல்ல, ஆண்டிச்சாமி அவன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் அவர்.

“கொஞ்சம் சீக்கிரம் பாருங்கண்ணே. ஒன்பது மணிக்கு இவ வேலையில உக்காரணும்.”

அவன் மனைவி தமிழ்ச்செல்விக்கு வீட்டிலிருந்தே வேலை. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு, டைப் அடித்துச் சென்னைக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பக்கம் என்று கணக்கு.

ஆண்டிச்சாமி டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தார். ஏனோ கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார்.

“என்னண்ணே, சரியாயிருமா?”

“பாக்குறேன்.”

சிவபாண்டிக்கும் கப்பலூர் கம்பெனியில் ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசரிடம் தகவல் சொல்லப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். திரும்பி வந்தபோது ஆண்டிச்சாமி தகட்டை மாட்டி ஸ்குரூவை முடுக்கிக்கொண்டிருந்தார்.

“இங்க வச்சுப் பாக்க முடியாதுண்ணே. போர்டுல கோளாறு மாதிரி தெரியுது. கடைக்குத் தூக்கிட்டுப் போறேன். வியாழக்கிழமை ஆகும்.”

“வியாழக்கிழமையா? இன்னைக்குத் திங்கக்கிழமைண்ணே!”

“கொண்டு போகட்டுங்க” என்றாள் தமிழ்ச்செல்வி, அடுப்படிக் கதவில் சாய்ந்தபடி. குரல் பாதிதான் வந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைக் கேட்டு, கம்பெனியில் கூட வேலை பார்க்கும் அழகுபாண்டி சிரித்தான்.

“போர்டுன்னு சொன்னாரா? போச்சு மாப்ள. உள்ள இருக்குற நல்ல சாமானை உருவிட்டுப் பழச மாட்டிருவாய்ங்க. சொல்லாமக் கொள்ளாம நேரா கடைக்குப் போ. அப்பத் தெரியும்.”

மறுநாள் ஷிப்டு முடிந்து சிவபாண்டி நேராகக் கடைக்குத்தான் போனான்.

மேசை மேல் அவன் வீட்டுக் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வைத்திருந்த படத்தில் அவன் மகள் பவதாரிணி பல் விழுந்த வாயோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னண்ணே, நல்லா ஓடுதே?”

ஆண்டிச்சாமி நிமிர்ந்து பார்த்தார். “ஓடுதுண்ணே.”

“எப்பச் சரியாச்சு?”

“நேத்தே. சொல்லப்போனா உங்க வீட்லயே முடிச்சிருக்கலாம். ரெண்டு நிமிச வேலை.”

சிவபாண்டிக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

“அப்ப எதுக்கு வியாழக்கிழமைன்னீங்க? வீட்ல ஒருத்தி வேலை இல்லாம முடங்கிக் கெடக்கா. உங்களுக்கு வெளாட்டா இருக்கா? இந்த ஏரியாவுல ஒருத்தன் இனி உங்க கடைப்படி ஏற மாட்டான், பாத்துக்கங்க!”

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆண்டிச்சாமி ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்கண்ணே.”

“உக்கார வரல. சொல்லுங்க.”

“ரேம்னு ஒரு அட்டை இருக்கு. வெரல் நீளம்தான். அது இல்லாம எந்தக் கம்ப்யூட்டரும் கெளம்பாது. உங்க பெட்டியில அது இருக்கவேண்டிய எடத்துல இல்ல.”

“இல்லைன்னா? களவு போச்சா?”

“அதே பெட்டிக்குள்ள, ஒரு ஓரமா இருந்துச்சு. பூப்போட்ட கர்ச்சீப்புல சுத்தி. தானாக் கழண்டு விழுந்திருந்தா கர்ச்சீப்பச் சுத்திக்கிட்டா விழும்?”

சிவபாண்டி அவரையே பார்த்தான்.

“போன மாசம் நான் வந்து அந்த அட்டையக் கழட்டி, ரப்பரால தேச்சு மாட்டுனேன்ல? தங்கச்சி பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க.”

“அவ எதுக்குண்ணே இதச் செய்யணும்?”

“நீங்க போன் பேச வெளிய போனப்ப நானும் அதான் கேட்டேன். மொகத்த நிமித்தவே இல்ல. அஞ்சு நாளாக் காய்ச்சலாமே? லீவு கேட்டா, முடிஞ்ச மட்டும் அடிச்சு அனுப்புங்கன்றாங்களாம் கம்பெனியில. மிஷின் ரிப்பேர்னு சொன்னா மட்டும் மறுபேச்சு கெடையாதாம்.”

சனிக்கிழமை ராத்திரி உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்று அவள் சொன்னதும், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “மாத்திரையப் போட்டுட்டு உக்காரு, சரியாயிரும்” என்று தான் சொன்னதும் சிவபாண்டிக்கு ஞாபகம் வந்தது. நெற்றியில் கை வைத்துக்கூடப் பார்க்கவில்லை.

“உங்ககிட்டப் பொய் சொன்னது தப்புதான்” என்றார் ஆண்டிச்சாமி. “மூணு நாளாவது படுக்கட்டுமேன்னு தூக்கிட்டு வந்துட்டேன். இப்ப வேணும்னா எடுத்துட்டுப் போங்க. உங்க பொருள். தடுக்க நான் யாரு?”

சிவபாண்டி ஸ்டூலில் உட்கார்ந்தான். போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான். ரொம்ப நேரம் மணி அடித்த பிறகுதான் தமிழ்ச்செல்வி எடுத்தாள்.

“சரியாயிருச்சாங்க?” தூக்கம் கலையாத குரலில் ஒரு பதற்றம். “இந்தா... எந்திரிச்சிட்டேன்.”

ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சிவபாண்டி சொன்னான்:

“இல்லம்மா. ஏதோ சாமான் சென்னையில இருந்து வரணுமாம். அடுத்த வாரம் ஆயிருமாம். நீ எந்திரிக்காத, படு. இந்தா வாரேன், டாக்டர்கிட்டப் போவோம்.”