தையலுக்கு ஒரு இன்ச்

சுண்ணாம்புக் கோடு வளைந்து வந்து சிமெண்ட் மூட்டையில் முட்டி நின்றது.

"ஏனுங்கம்மணி, நாலடின்னு சொன்னீங்க. இதென்னங்க ஆறடி வருது?" கொத்தனார் நஞ்சப்பன் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார்.

சுண்ணாம்புத் தூள் இருந்த கொட்டாங்குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை மறுபடியும் பிடித்துப் பார்த்தேன். ஆறடியேதான்.

தொண்ணூற்றைந்தில், குனியமுத்தூரில் நாங்கள் கட்டிய புது வீட்டின் முன்பக்கம் அது. சுற்றுச்சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே மொத்தமே பத்தடி. அந்தப் பத்தடிக்குத்தான் அத்தனை சண்டை.

என் வீட்டுக்காரர் அப்துல் முத்தலிப்புக்குக் கோட்டைமேட்டில் தையல் கடை. வெட்டுவது அவர், தைப்பது நான். பதினெட்டு வருடம் கடைக்கு மேலேயே வாடகைக்கு இருந்தோம். அங்கே மண் என்று இருந்தது என் மருதாணிச் செடியின் டால்டா டின்னுக்குள் மட்டும்தான்.

புது வீட்டிலாவது அதைத் தரையில் இறக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவருக்கோ முன்பக்கம் முழுக்கச் சிமெண்ட் பூசி ஸ்கூட்டரை நிறுத்த வேண்டும்.

அவருடைய அண்ணன் வந்து பஞ்சாயத்துப் பண்ணினார். "நாலடி தாரேன். அதுக்கு மேல ஒரு இன்ச் கேக்கக் கூடாது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார் இவர். சபையில் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை.

கிடைத்த நாலடியை வீணாக்கக் கூடாதே என்று, பீளமேட்டில் ஒரு கல்லூரியில் நடந்த ஞாயிற்றுக்கிழமைத் தோட்ட வகுப்பில் சேர்ந்தேன். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். நாற்பது வயதில் பென்சில் சீவிக்கொண்டு பெஞ்சில் உட்கார வெட்கமாகத்தான் இருந்தது.

கிளாடிஸ் டீச்சர் எல்லாவற்றையும் கையால் செய்ய வைத்தார். மணிக்கொரு தடவை வெயில் எங்கே விழுகிறது என்று சுவரில் குறித்துவரச் சொன்னார். நான் தையல் சாக்பீஸால் குறித்தேன்.

தாளில் ஒரு இன்ச் என்றால் தரையில் இரண்டடி. செடியை இன்றைக்கு இருக்கிற அளவில் வரையக் கூடாது, வளர்ந்து படர்ந்தால் எவ்வளவோ அவ்வளவுக்கு வட்டம் போட வேண்டும். எனக்குப் பிடித்த பாடம் அதுதான்.

என்னைக் கவிழ்த்ததும் அதுதான். பாத்தி இரண்டு இன்ச். மருதாணியின் வட்டம் மூன்று இன்ச். டீச்சர் சிவப்பு மையால் மருதாணியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் கனகாம்பரம் என்று எழுதினார்.

அன்றைக்குச் சோறு வைக்கும்போது, "நாலடியில மருதாணி வராதாங்க" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. கல்லுளிமங்கன்!

விதியே என்று நாலடிப் பாத்தியையே காக்கித் தாளில் வரைந்தேன். வெட்டுவதற்குக் கடையின் பெரிய கத்திரியைக் கேட்டேன். தரவில்லை. துணி வெட்டும் கத்திரி தாளில் பட்டால் மழுங்கிப்போகும். அதை என்னைத் தொடக்கூட விட மாட்டார்.

நூல் நறுக்கும் குட்டிக் கத்திரியால் கடித்துக் கடித்து வெட்டினேன். ஓரமெல்லாம் எலி கொறித்த மாதிரி ஆகிவிட்டது. போகட்டும் என்று ராத்திரி பைக்குள் வைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் நஞ்சப்பன் வந்து நின்ற அவசரத்தில், பைக்குள் இருந்த தாளை எடுத்து அளந்து, குச்சி நட்டு, கோடு போட்டேன். இப்போது கோடு ஆறடியில் நிற்கிறது.

தாளின் மேல் மறுபடி இன்ச் டேப்பை வைத்தேன். இரண்டு இன்ச் இருக்க வேண்டிய அகலம் மூன்று இன்ச் இருந்தது.

யா அல்லா! தையலுக்கு விட்டிருக்கிறேன்! துணியில் மடித்துத் தைக்க ஓரத்தில் ஒரு இன்ச் கூட விடுவோமே, அந்தப் பழக்கதோஷத்தில் தாளிலும் விட்டுத் தொலைத்திருக்கிறேன்.

விஷயம் தெரிந்ததும் நஞ்சப்பனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கோடு போடத் தெரியாதவளுக்குத் தோட்டம் ஒரு கேடா என்று, வந்தவுடன் பத்தடியையும் பூசச் சொல்லிவிடுவார் என் வீட்டுக்காரர்.

சொல்லி வைத்த மாதிரி வந்தார். கோட்டைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

"தைக்கறவ கை, வேறெப்படிப் போகும்? அழிச்சுப் போட நேரமில்லீங்க, நஞ்சப்பண்ணே. கோட்டுக்கு இந்தப் பக்கம் பூசிருங்க."

அவ்வளவுதான். ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு கடைக்குப் போயே போய்விட்டார்.

மருதாணியை டின்னிலிருந்து எடுத்தேன். வேர் டின்னின் வடிவத்திலேயே உருண்டு இறுகியிருந்தது. குழிக்குள் வைத்து மண்ணைத் தள்ளும்போது பைத்தியம் மாதிரி சிரித்தேன், அழுதேன்.

கையைக் கழுவிவிட்டுத் தாளை மடிக்க எடுத்தேன். ஓரத்தில் விரல் ஓடியது. எலி கொறித்த தடம் எங்கேயுமே இல்லை. வளைவு முழுவதும் ஒரே வெட்டாக வழுவழுவென்று இருந்தது.

தையலுக்கு விடுவது தைக்கிறவள் வேலை இல்லை, வெட்டுகிறவர் வேலை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் கடை வாசலில் சாணை பிடிக்கிறவரின் சைக்கிள் நின்றது. நோன்புக்கு முன்னால் மட்டும் சாணை பிடிக்கும் அந்தப் பெரிய கத்திரியை, நோன்பு முடிந்து இரண்டே மாதத்தில் அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நேரே போய்த் தையல் மிஷினில் உட்கார்ந்தேன்.

மீதி நாலடிச் சிமெண்டில் ஸ்கூட்டர் திரும்பாது. அவர் இருந்தவரைக்கும் அதைப் பின்பக்கமாகவே தள்ளித் தள்ளி ஏற்றினார். மருதாணிக் கிளை சட்டையில் மாட்டும்போதெல்லாம், "எல்லாம் உன் தையலால வந்த வினை" என்று முணுமுணுப்பார்.

"ஆமாங்க, என் தப்புதான்" என்பேன், ஒவ்வொரு தடவையும்.