ஒன்பது பிள்ளைகள்

மூன்று நாளைக்குப் படகை வாடகைக்கு எடுத்திருந்த சயோரி, பவளப்பாறைப் பக்கமே திரும்பவில்லை. தீவுக்குத் தீவு இறங்கினாள், பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தாள், நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு படகுக்குத் திரும்பினாள்.

"என்னங்க, இவங்க கல்வி அலுவலகத்து ஆளுதான். எந்தப் பள்ளிக்கூடத்த மூடலாம்னு பாக்குறாங்க," என்று படகோட்டி மியாராவின் காதைக் கடித்தாள் மனைவி கிகுயே.

கடைசியாக மிச்சமிருந்தது அவர்கள் ஊரான நகாமித் தீவு.

"அண்ணே, உங்க ஊருப் பள்ளிக்கூடத்துல எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டாள் சயோரி.

மியாரா கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒன்பதும்மா."

கிகுயே அவசரமாகச் சோற்று உருண்டைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

"அப்ப அங்க போக வேண்டாம்," என்றாள் சயோரி. "நேத்துப் பாத்தோமே, ஆறு பிள்ளைங்க படிக்கிற தீவு, அங்கயே திருப்பிடுங்க."

"அதை மூடப் போறீங்களாம்மா?"

"நான் எதுக்கு மூடணும்?" சயோரி சிரித்துவிட்டாள். "ஒசாகாவுல நாப்பது பேர் வகுப்புல எம் பிள்ளைங்க மூணு பேரும் இருக்குற எடமே தெரியல. இவங்க வந்தாத்தான் பொழைக்கும்ங்கிற பள்ளிக்கூடம் கிடைச்சா, அந்த ஊருலயே குடியேறிடலாம்னு பாக்குறேன்."

மியாரா படகைத் திருப்பவில்லை.

"அவரு சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன்," என்றாள் கிகுயே. "அந்த ஒன்பதுல எட்டு, மைதானத்துல மேயுற ஆடுங்க. மிச்சம் ஒண்ணுதான் எங்க பொண்ணு."

சயோரி நோட்டை மூடினாள்.

"எங்க சின்னவனுக்கு ஆடுன்னா பயம். முட்டுமா?"