இடது பக்கக் கதவு

அன்று காலையும் பண்ணை கேட்டின் முன் வண்டியை நிறுத்தினேன். எங்கள் ஊர்ப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர் இறங்க மாட்டார். அருகில் உட்கார்ந்திருப்பவர்தான் கேட்டைத் திறந்து மூட வேண்டும்.

"ஒரு நாள் நீ இறங்கினா காலு தேஞ்சா போயிடும், டெஸ்?" என்றாள் என் மனைவி நோலீன்.

"ஓட்டறவன் ராஜாடி. இறங்கு."

எப்போதும் போலச் சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றி மாட்டினாள். மதியம் ஆட்டுப்பட்டியில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து தனியாகத் திரும்பினேன். நானே கேட்டைத் திறந்து வண்டியை உள்ளே விட்டேன். மூடலாம் என்று இறங்கினால், மூடியிருந்தது. சங்கிலி இரண்டு சுற்று.

பண்ணையை விற்றுவிட்டு அடிலெய்டுக்கு வரச் சொல்கிறான் மகன். "இங்க கேட்டே கிடையாதுப்பா" என்கிறான். அதனால்தான் போகவில்லை.

இன்றும் கேட்டைத் தாண்டியதும் நிறுத்துகிறேன். இடது பக்கக் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் வண்டியைக் கிளப்புகிறேன்.