வேலிக்கு அப்பால் மணல்மேடு

தேவாலயக் கல்லறைத் தோட்டத்தின் வேலிக்கு வெளியே, அதை ஒட்டிக் கூரை உயரத்துக்கு மணல் குவிந்து கிடக்கிறது. அடியிலிருக்கும் களிமண் அந்தப் பாரத்தில் நீரைக் கக்கி இறுகினால்தான் மேலே சாலை போட முடியும். களியோ பக்கவாட்டில், வேலிக்கு உள்ளேயும் பிதுங்குகிறது. வேலியோரத்துக் குட்டிக் கல்லறையின் கல் லேசாகச் சாய்ந்து நிற்கிறது. வீட்ஸ்கே கையுறையைக் கழற்றிவிட்டு, மகளின் பெயரில் படிந்த மணலை விரலால் துடைக்கிறாள். மங்கிய வெயிலில் மண் பொறியாளன் சீப்ரன் திறந்த மடிக்கணினியோடு பக்கத்தில் நிற்கிறான், பாவம். "கம்ப்யூட்டர் கணக்குப்படிதாம்மா நகருது. வசந்தத்துல நின்னுடும்." "அந்தப் பெட்டி ஒருநாளாவது சேத்துல கால் வச்சிருக்கா தம்பி? கல்லு மட்டும் நகருதா, புள்ளயுமா?"

அவன் மடிக்கணினியை மூடுகிறான். "மண்ணு மொத்தமா நகருதும்மா. அவளும்தான். இங்க நாலு விரல். தள்ளிப்போகப் போகக் கம்மி. அந்தக் கடைசி வரிசை அசையவே இல்ல." கடைசி வரிசையில் அவள் கணவன் கிடக்கிறான், மகள் பக்கத்தில் இடமில்லையென்று போன வருஷம் அங்கே புதைத்தார்கள். வீட்ஸ்கே இரண்டு கற்களையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "அப்போ அவ அப்பாகிட்ட நாலு விரல் நெருங்கிட்டா," என்கிறாள். "கல்ல நிமித்திடாதீங்க தம்பி. அப்படியே விடுங்க."