மேலிடத்துக்கு வெறும் ரெண்டா?

“என்கிட்ட வண்டி ஓட்டினவனுக்கு இருநூறு. எனக்கு வெறும் ரெண்டா?”

கதிர்வீச்சுப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில், ஓய்வுபெற்ற அந்த அதிகாரி, நோயாளிகளின் கதிர் அளவைக் காட்டும் சுவர்த்திரையின் பக்கம் கைத்தடியை நீட்டினார். பதவி போயும் மிடுக்குப் போகாத அவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் ‘மேலிடம்’.

அவருக்கும் அவருடைய பழைய ஓட்டுநருக்கும் தொண்டையில் ஒரே மாதிரிப் புற்றுநோய். அவருக்குப் புது இயந்திரம், ஓட்டுநருக்குப் பழையது. புதியது கதிர் அளவை ‘கிரே’ கணக்கில் காட்டும், பழையது ‘ராட்’ கணக்கில். நூறு ராட் சேர்ந்தால் ஒரு கிரே. ஆக, இருவர் உடம்பிலும் இறங்குவது ஒரே அளவுதான்.

கதிர் அளவைக் கணக்கிடும் இயற்பியலாளர் இதைப் பொறுமையாகவே எடுத்துச் சொன்னாள். ஒரு மீட்டர் துணியும் நூறு சென்டிமீட்டர் துணியும் ஒன்றுதானே என்று கையை விரித்துக்கூடக் காட்டினாள். படித்த மனிதர், சட்டென்று பிடித்துக்கொள்வார் என்று நம்பினாள்.

“துணிக்கதையெல்லாம் வேண்டாம்மா. ஒரு கிரேயை ஆயிரமாப் பிரிச்சா சின்ன அளவு ஒண்ணு வருமே, அதுல போடுங்க. திரையில ரெண்டாயிரம்னு வரணும்.”

நோயிலும் பதவி உயர்வு கேட்கிற மனிதரை அவள் அன்றுதான் பார்த்தாள். முடியாது என்றாள். அவர் நேரே மருத்துவமனை இயக்குநரின் அறைக்குப் போனார்.

மேலிடத்தைக் கண்டால் இயக்குநருக்கு உட்காரத் தெரியாது. உடனே அவளுக்கு அழைப்பு வந்தது. இயந்திரத்தில் கைவைக்க மாட்டேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். இயந்திரம் பாட்டுக்கு இருக்கட்டும், கூடத்துத் திரையை மட்டும் மாற்றுங்கள், அளவு அதேதானே, பெரிய மனிதரின் மனசு குளிரட்டும் என்றார் இயக்குநர்.

படித்த படிப்பெல்லாம் ஒரு கிழவரின் வீம்புக்கா என்று பல்லைக் கடித்துக்கொண்டு மாற்றினாள். இரண்டு கிரே, இரண்டாயிரம் மில்லிகிரே ஆனது.

மறுநாள் மேலிடம் திரைக்கு நேர் கீழே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், சில நாட்களாகக் கண்ணில் படாமல் இருந்த ஓட்டுநர். திரையில் எண் வந்ததும் ஓட்டுநரின் முகம் விழுந்துவிட்டது. எழுந்து போய் வெந்நீர் கொண்டுவந்து, ஆற்றிக் கொடுத்தார். மேலிடத்தின் தோளில் நழுவிய சால்வையை இழுத்துவிட்டார்.

“கவலைப்படாதீங்க ஐயா, நான் கூடவே இருக்கேன்.”

உடம்பு முடியாத மனிதரிடமும் சேவகம் வாங்குகிறாரே என்று, கூடத்து வாசலில் நின்ற இயற்பியலாளருக்கு ஆத்திரம் வந்தது. ஓட்டுநரைச் சிகிச்சைக்குக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போனதும் அவளால் வாயை அடக்க முடியவில்லை.

“இப்ப திருப்தியா சார்?”

உள்ளே கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை மேலிடம் காத்திருந்தார். பிறகு கம்மிய குரலில் சொன்னார்.

“ரெண்டும் ஒண்ணுன்னு எனக்குத் தெரியாதாம்மா? எனக்கு ரெண்டு, தனக்கு இருநூறுன்னு பார்த்ததும், தன் கதை முடிஞ்சுதுன்னு அவன் சிகிச்சைக்கு வராம வீட்டுல படுத்துட்டான். நானும் சொல்லிப் பார்த்தேன், அவன் பொண்டாட்டியும் சொல்லிப் பார்த்தா. சும்மா சமாதானத்துக்குச் சொல்றோம்னுட்டான். நேத்து போன் போட்டு, எனக்கு ரெண்டாயிரம் ஆக்கிட்டாங்கடான்னேன்.”

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மூடிய கதவைப் பார்த்தார்.

“இப்ப எனக்குத் துணைக்கு வர்றான்.”