கூடத்து நாற்காலி

"வீட்டை எடுத்துக்கட்டும். ஃபிரிட்ஜ், பீரோ, கட்டில் எல்லாத்தையும் எடுத்துக்கட்டும். எங்கப்பா நாற்காலியை மட்டும் கொடுக்கச் சொல்லுங்க மேடம்."

கணவன் இதை வக்கீலம்மாவைப் பார்த்துச் சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்க்கவில்லை.

"அது கூடத்துலதான் இருக்கணும்" என்றாள் அவள். அவளும் வக்கீலம்மாவிடம்தான் சொன்னாள்.

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார். எத்தனையோ ஜோடிகளைப் பார்த்தவர். வீட்டையே விட்டுக்கொடுத்துவிட்டுக் குக்கர் மூடிக்கு மல்லுக்கட்டுவார்கள்.

"இத பாருங்க. ரெண்டு பேரும் மனசொத்துப் பிரியறீங்க. எது யாருக்குன்னு பேசி எழுதிட்டா சுலபமா முடிஞ்சிடும். ஒரு சாமானுக்கு முறுக்கிக்கிட்டாலும் கேஸ் இழுத்துக்கிட்டே போகும். ஒரு நாற்காலிக்காகவா?"

"ஜீவனாம்சம்கூட வேண்டாம்னுட்டேன் மேடம். வீட்டுல எது எங்க இருக்கோ அது அங்கேயே இருக்கட்டும். வேற எதுவும் கேட்கல."

"உனக்கு எதுக்கு அது?" இப்போதுதான் அவள் பக்கம் திரும்பினான். "நடுக்கூடத்துல வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது. யாரும் அதுல உட்கார்றதுகூட இல்ல."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. அதே உயரத்துல வேற நாற்காலி வாங்கிட்டு வந்து, அதே இடத்துல போட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போங்க."

"கேட்டீங்களா மேடம், என் நாற்காலியை எடுக்க நான் இன்னொண்ணு வாங்கித் தரணுமாம். எங்கம்மாவையும் இப்படித்தான் மடக்கி வெச்சிருக்கா. பெத்த பிள்ளை கூப்பிடறேன், 'இந்த வீடு பழகிடுச்சுப்பா'ன்னு ஒரே பாட்டு."

"அம்மா எங்க இருக்கணும்கிறது அவங்க இஷ்டம். அதுல நாம தலையிட முடியாது. நாற்காலி உங்கப்பா உங்களுக்குன்னு கொடுத்ததா?"

"ஆமா."

"அப்ப அது உங்களோடது. தாராளமா எடுத்துக்கலாம்."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "நான் வீட்டுல இருக்கிறப்ப வந்து எடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

இதற்கும் காவல் வேறா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அவள் ஆபீசுக்குப் போன நேரம் பார்த்துப் போனான். சாவி இன்னும் அவனிடம் இருந்தது. ஒரு வருஷத்துக்கு முன் தனியாக அறை எடுத்துப் போனதிலிருந்து அந்தப் பக்கமே வரவில்லை. அம்மாவோடு போனில் பேசுவதோடு சரி.

உள்ளே எல்லாம் போட்டது போட்டபடி இருந்தது. பீரோ, அதையடுத்து மேஜை, அதையடுத்து அப்பாவின் நாற்காலி. ஸ்டூல்கூட இடம் மாறவில்லை. பிடிவாதக்காரி என்று முணுமுணுத்துக்கொண்டே நாற்காலியை வாசல் பக்கம் இழுத்தான்.

சத்தம் கேட்டு அம்மா அறையிலிருந்து வந்தாள். நடையில் தடுமாற்றம் ஒன்றும் இல்லை. பீரோவின் ஓரத்தைத் தொட்டாள். மேஜை முனையைத் தொட்டாள். அடுத்து கையை நீட்டினாள்.

அங்கே ஒன்றும் இல்லை.

அம்மா அப்படியே நின்றுவிட்டாள். நீட்டிய கை காற்றில் துழாவியது. அவனை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். ஆனால் பிள்ளையைப் பார்த்த முகமாக அது இல்லை.

"யாரு?"

அவன் நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்து பழைய இடத்தில் வைத்தான். அம்மாவின் கை அதன் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"நீதானாம்மா? ஆபீஸ்லேர்ந்து அதுக்குள்ள வந்துட்டியா? பயந்தே போயிட்டேன். கண்ணு போனதுலேர்ந்து ஒரு சாமானைக்கூட நகர்த்த மாட்டியே, இன்னைக்கு என்ன?"

அவன் நின்ற திசையில் கையை நீட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆமா, வக்கீல் வீட்டுல அவன் எவ்வளவு கத்தியிருந்தாலும் என் கண்ணைப் பத்தி வாயைத் திறந்திருக்க மாட்டியே? எனக்கு சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கே. தெரிஞ்சா எம்பிள்ளை தாங்க மாட்டான்."